எழுத்து சரி, சொல் மட்டும் வரவில்லை: ஆங்கிலச் சொல் தேடலில் வரும் சிக்கல்களும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

ஆங்கிலத்தை ஒலிவழியாக வாசிக்கக் கற்றுத்தரும் ஜாலி ஃபானிக்ஸ் முறையில் முதல் தொகுதியாக ஆறு எழுத்துகள் வரும்: எஸ், ஏ, டீ, ஐ, பீ, என். ஏ, பி, சி என்று அகரவரிசைப்படி போகாமல் இந்த ஆறிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த ஆறு தெரிந்துவிட்டால் குழந்தையால் உடனே ஏராளமான சின்னச் சொற்களை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும்.

இந்த ஆறை மட்டும் வைத்து வாசிப்புத் தாள் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான், "இந்த எழுத்துகள் உள்ள சொற்களைக் கொடு" என்று கணினியிடம் கேட்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்று எனக்குப் புரிந்தது. எழுத்துக் காய்களை வைத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுபவர்களும், குறுக்கெழுத்து போடுபவர்களும், ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆடுபவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பட்டியல் சரியில்லை, தளம் சரியில்லை என்று வேறு தளத்துக்கு ஓடுகிறோம். பெரும்பாலும் கோளாறு கேள்வியில் இருக்கும். மனதில் ஒன்றைக் கேட்டிருப்போம், பெட்டியில் வேறொன்றைத் தட்டியிருப்போம்.

உள்ளே போகுமுன் ஒரு ஏற்பாடு. ஆங்கிலத்தின் 2-ஆம் எழுத்தை "பி" என்றும் 16-ஆம் எழுத்தை "பீ" என்றும் எழுதுகிறேன். 4-ஆம் எழுத்து "டி", 20-ஆம் எழுத்து "டீ". தொலைபேசியில் ஆங்கிலப் பெயருக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னவர்களுக்கு இந்த நால்வர் படுத்தும் பாடு தெரியும்.

முதலில் நான்கு சொற்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எந்தத் தேடலும் உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டதா என்று பார்க்க நான்கு சோறு போதும். ஆறு எழுத்துகளையும் கொடுத்துத் தேடியபின், இந்த நான்கில் எவை வந்திருக்கின்றன என்று பாருங்கள்.

சாட்: எஸ்-ஏ-டீ.
பெயின்ட்ஸ்: பீ-ஏ-ஐ-என்-டீ-எஸ்.
பியானிஸ்ட்: பீ-ஐ-ஏ-என்-ஐ-எஸ்-டீ.
கேப்டன்ஸ்: சி-ஏ-பீ-டீ-ஏ-ஐ-என்-எஸ்.

சாட் வரவில்லை, மற்ற மூன்றும் வந்துவிட்டன என்றால், உங்கள் தேடல் "ஆறும் இருக்கவேண்டும், வேறு எழுத்து கூட இருந்தாலும் பரவாயில்லை" என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. குறுக்கெழுத்துக்காரருக்குப் பெரும்பாலும் வேண்டியது இதுதான்.

கேப்டன்ஸ் மட்டும் வரவில்லை என்றால் அது "இந்த ஆறு மட்டும், எத்தனை முறை வேண்டுமானாலும்" என்ற தேடல். எனக்கு வேண்டியது இது. நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ ஆட்டத்தின் அடிப்படையும் இதுவே. அதில் ஏழு எழுத்து, நடு எழுத்து கட்டாயம், சொல்லுக்குக் குறைந்தது நான்கு எழுத்து என்று கூடுதல் நிபந்தனைகள் உண்டு.

பெயின்ட்ஸும் சாட்டும் வந்து, பியானிஸ்ட்டும் கேப்டன்ஸும் வராவிட்டால், அது ஸ்கிராபிள் கணக்கு. கையில் ஆறு காய், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் வைக்கலாம். பியானிஸ்ட்டில் ஐ இரண்டு. கையில் ஒன்றுதானே இருக்கிறது.

நான்குமே வரவில்லை என்றால் கீழே முதல் அறிகுறிக்குப் போங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் பட்டியலை அச்செடுத்த நாட்களில் நான் வீணடித்த தாள் கொஞ்சநஞ்சமல்ல.

அறிகுறி: ஒரு சொல்கூட வரவில்லை

ஆறு எழுத்தையும் இடைவெளியில்லாமல் ஒரே பெட்டியில் தட்டிவிட்டீர்களா? பல தளங்களில் "உள்ளடக்கியது" என்று இருக்கும் பெட்டி, தட்டிய எழுத்துகள் அதே வரிசையில், ஒட்டி நிற்கும் சொற்களையே தேடும். எஸ்-ஏ-டீ-ஐ என்று நான்கைத் தட்டினால் கான்வர்சேஷன், காம்பென்சேஷன் எல்லாம் வரும், ஏனென்றால் அந்த நான்கும் அவற்றின் நடுவில் ஒட்டியபடி இருக்கின்றன. எஸ்-ஏ-டீ-ஐ-பீ-என் என்று ஆறும் ஒட்டிநிற்கும் ஆங்கிலச் சொல் கிடையாது. தளம் சொன்னது பொய்யில்லை. "எந்த வரிசையிலும்" என்ற மாதிரி வேறு பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்துகளுக்கு நடுவே காற்புள்ளியோ இடைவெளியோ ஏற்கிறதா என்று முயன்றுபாருங்கள்.

இதைவிட நுட்பமான ஒரு பிழை உண்டு. எக்செல்லிலோ குறுக்கெழுத்துத் தளத்திலோ நட்சத்திரக்குறி போட்டால் "இங்கே எது வேண்டுமானாலும் வரலாம்" என்று பொருள். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் நட்சத்திரம் போட்டுவிட்டால் ஆறும் உள்ள சொல் கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. அப்படிப் போட்டால் எழுத்துகள் ஒட்டியிருக்கத் தேவையில்லை, ஆனால் வரிசை மாறக்கூடாது. பெயின்ட்ஸில் பீ முதலில் வந்து எஸ் கடைசியில் நிற்கிறது. அது வராது.

உயிரெழுத்துகளை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்துக்கும் நடுவேயும் இரு முனைகளிலும் நட்சத்திரம் போட்டுத் தேடுங்கள். ஃபெசீஷியஸ் வரும், அப்ஸ்டீமியஸ் வரும். இரண்டிலும் ஐந்தும் அதே வரிசையில் வருகின்றன. எஜுகேஷன் வராது, காலிஃப்ளவர் வராது, ஈக்குவேஷன் வராது, டயலாக்கை டயலாக்-யுஇ என்று முழுசாக எழுதினாலும் வராது. இத்தனையிலும் ஐந்து உயிரும் இருக்கின்றன, வரிசைதான் வேறு. சப்கான்டினென்டல் என்ற சொல்லில் இந்த ஐந்தும் அப்படியே தலைகீழாக, யு, ஓ, ஐ, இ, ஏ என்று வருகின்றன. முதன்முதல் அதைக் கண்டபோது எழுந்துபோய் வீட்டிலிருந்த எல்லோருக்கும் காட்டினேன்.

சரிசெய்யும் வழி, எழுத்துக்கு ஒரு நிபந்தனை என்று பிரிப்பது. எக்செல்லில் என்றால், நிபந்தனைகளுக்குப் பொருந்துபவற்றை எண்ணும் கவுன்ட்இஃப்ஸ் சார்பில் (ஃபங்ஷனில்) ஒவ்வொரு எழுத்துக்கும் இருபுறமும் நட்சத்திரம் வைத்துத் தனித்தனி நிபந்தனை கொடுங்கள். லினக்ஸிலோ மேக்கிலோ டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையில், வேலை செய்பவர்கள் கோப்பில் தேடித்தரும் கிரெப் கட்டளையை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை போட்டு, நடுவில் | குறியால் தொடுத்துவிடலாம். முதல் கிரெப் எஸ் உள்ளதைச் சலிக்கும், மீந்ததில் அடுத்தது ஏ உள்ளதைச் சலிக்கும். ஆறு சல்லடை. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தப்பாகாது.

அறிகுறி: ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது

இதற்குக் காரணம் அநேகமாகச் சதுர அடைப்புக்குறி. கிரெப்பில் [ ] குறிக்குள் ஆறு எழுத்தைப் போட்டால் "இவை எல்லாம்" என்று நாம் வாசிக்கிறோம். கணினி "இவற்றில் ஏதாவது ஒன்று" என்று வாசிக்கிறது. ஆங்கிலத்தில் ஏ, ஐ, டீ, என், எஸ் ஐந்துமே மிகுதியாக வரும் எழுத்துகள். அவற்றில் ஒன்றுகூட இல்லாத சொற்கள்தான் அபூர்வம். அதனால் அகராதி முழுக்க வந்து விழுகிறது.

"இவை மட்டும்" என்று சொல்ல, சொல்லின் தலையையும் வாலையும் கட்டிப்போட வேண்டும். முன்னால் ^ குறி, பிறகு அடைப்புக்குறிக்குள் ஆறு எழுத்து, அதன்பின் + குறி, கடைசியில் $ குறி. தொடக்கத்திலிருந்து முடிவுவரை இந்த ஆறைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்று அதற்குப் பொருள். + குறி வேலை செய்ய கிரெப்புக்கு மைனஸும் பெரிய இ-யும் சேர்த்துக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் அதை வெறும் கூட்டல் குறியாகவே எடுத்துக்கொண்டு ஒன்றுமே தராது.

இன்னொரு காரணம், எக்செல் பழக்கத்தை கிரெப்புக்குக் கொண்டுபோவது. அங்கே நட்சத்திரம் "எதுவும் வரலாம்". இங்கே "முன்னால் உள்ள எழுத்து பூஜ்யம் முறையோ அதற்கு மேலோ". ஏ, நட்சத்திரம், பி என்று கிரெப்பில் தட்டினால் பி இருக்கும் சொல் எல்லாம் வரும், ஏ இல்லாத பல்பும் ரப்பரும் உட்பட. ஏ பூஜ்யம் முறை வந்ததாகக் கணக்கு! எக்செல் நட்சத்திரத்துக்குச் சமமானது கிரெப்பில் புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்த .* குறி.

அறிகுறி: தெரிந்த சொல் ஒன்று மட்டும் காணோம்

எனக்கு அதிக நேரத்தைத் தின்றது இதுதான். மற்றவை எல்லாம் சரியாக இருப்பதால் சந்தேகமே வராது. காணாமல்போன சொல் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

பன்மைச் சொல்லா? மேக் கணினியில் கூடவே வரும் சொற்பட்டியல் 1934-இல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கும், ஆனால் அகராதியில் தலைச்சொல்லாக வந்தவைதான் பெரும்பாலும். பன்மையும் இறந்தகால வடிவமும் அகராதியில் தலைச்சொல்லாக வராதில்லையா? அதனால் பட்டியலிலும் வராது. 1934-க்குப் பிறகு பிறந்த சொற்களுக்கும் இதே கதி. டிரான்சிஸ்டர் என்ற பெயர் 1948-இல்தான் வைக்கப்பட்டது, அந்தப் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை. உபுண்டு, டெபியன் பட்டியல்கள் வேறு வம்சம். அவற்றில் பன்மை உண்டு, கூடவே பியானிஸ்டுக்கு உரியது என்ற பொருளில் மேற்கோள்குறியும் எஸ்ஸும் ஒட்டிய வடிவங்களும் நிறைய உண்டு. அவற்றை முதலிலேயே களைந்துவிடுவது நல்லது.

பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லா? ஸ்பெயினை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்: எஸ்-பீ-ஏ-ஐ-என். நம் ஆறுக்குள் அடங்குகிறது. ஆனால் பட்டியலில் முதல் எஸ் பெரிய எழுத்து. கிரெப்புக்கு அது வேறு எழுத்து. எக்செல்லில் சர்ச் சார்பு பெரிது சிறிது பார்க்காது, ஃபைண்ட் சார்பு பார்க்கும், சப்ஸ்டிடியூட் சார்பும் பார்க்கும். ஒரே தாளில் மூன்றையும் கலந்து போட்டுவிட்டு விடை முரண்படுகிறதே என்று முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப்பெயர் வேண்டுமா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் பெரிய எழுத்துள்ளவற்றை நீக்கிவிடுங்கள். வேண்டும் என்றால் லோயர் சார்பால் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டுத் தேடுங்கள்.

ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு சொற்களா? எக்செல்லில் சொற்பட்டியலைத் திறந்தவுடன் இந்த இரண்டும் சொல்லாக இருப்பதை விட்டுவிட்டு, சரி, தவறு என்ற தருக்க மதிப்புகளாக மாறிவிடும். கட்டத்தில் நடுவில், பெரிய எழுத்தில் நிற்கும். மற்ற சொற்கள் இடப்பக்கம் ஒட்டி நிற்க, இவை மட்டும் நட்டநடுவே நிற்பதைக் கவனித்தால் பிடித்துவிடலாம். கவுன்ட்இஃப் நட்சத்திரத் தேடலில் இவை சிக்காது, அது உரையை மட்டுமே பார்க்கும். டீ, ஆர், யு, இ நான்கும் உள்ள சொற்களைத் தேடி, அந்த நான்கை மட்டுமே கொண்ட ட்ரூ வராமல் போனது இப்படித்தான். கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பத்தியை உரை வகை என்று குறித்துவிடுங்கள். திறந்தாயிற்று என்றால் பக்கத்துப் பத்தியில் லோயர் சார்பைப் போடுங்கள், மீண்டும் சொல்லாகிவிடும்.

அகரவரிசையில் பின்னால் வரும் சொற்கள் மொத்தமாகக் காணோமா? பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிகள்தான் அடங்கும். எனேபிள் என்ற இலவசச் சொற்பட்டியலில் 1,72,000-க்கும் மேல் சொற்கள். பாதிக்கு முன்பே வெட்டுப்பட்டிருக்கும். புதிய வடிவத்தில் 10,48,576 வரி உண்டு, கவலையில்லை.

ஓ-யு-ஆர் என்று முடிவதா? கலர், ஹியூமர், ஃபேவர் போன்றவற்றில் நாம் பள்ளியில் படித்தபடி யு போட்டுத் தேடினால் அமெரிக்கப் பட்டியலில் அகப்படாது. வேர்டிலில் 2022 தொடக்கத்தில் ஹியூமரும் ஃபேவரும் யு இல்லாமல் ஐந்தெழுத்து விடைகளாக வந்தபோது பிரிட்டிஷ் எழுத்துமுறையில் வளர்ந்தவர்கள் கொதித்தார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டியல் எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அறிகுறி: இரட்டை எழுத்து விஷயத்தில் கணக்கு உதைக்கிறது

எழுத்து இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எத்தனை இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. ஆறு சல்லடை போட்டாலும் முதல் கேள்விக்குத்தான் விடை வரும். ஏ இருக்கிறதா என்று இரண்டு முறை சலித்தால் இரண்டு ஏ உள்ள சொல் வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். ஒரே சல்லடையில் இரண்டு முறை சலித்த மாவுதான் அது.

நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆனது. சி-ஏ-டீ-ஏ-எம்-ஏ-ஆர்-ஏ-என். ஒன்பது எழுத்தில் நான்கு ஏ. சி, ஏ, டீ, எம், ஆர், என் என்ற ஆறை மட்டும் கொடுத்து "இவை மட்டும்" என்று கேட்டால் அது வந்து நிற்கும். காய்க்கணக்கில் கேட்டால் ஏ நான்கு முறை கொடுத்தாலொழிய வராது.

எண்ணிப்பார்க்க எக்செல்லில் ஒரு பழைய வழி இருக்கிறது. சொல்லின் நீளத்தை லென் சார்பால் எடுங்கள். சப்ஸ்டிடியூட் சார்பால் அந்த எழுத்தை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி நீளம் எடுங்கள். கழித்தால் வருவது அந்த எழுத்தின் எண்ணிக்கை. கேட்டமரானுக்கு 9, நீக்கியபின் 5, கழித்தால் 4. இதே வழியில் ஆறு எழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கிக்கொண்டே வந்து, கடைசியில் நீளம் பூஜ்யம் ஆனால் அந்தச் சொல்லில் இந்த ஆறைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அர்த்தம். என் வாசிப்புத் தாளுக்கு நான் இன்றும் பயன்படுத்துவது இதைத்தான்.

கணினி இல்லாமல் செய்யவேண்டுமென்றால் சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி எழுதுங்கள். ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ் ஆறுமே அடுக்கினால் ஓ-பீ-எஸ்-டீ ஆகிவிடும். ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் சொற்களை மனப்பாடம் செய்வதே இந்த அடுக்கை வைத்துத்தான். இரட்டை எழுத்துகள் இதில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும், கண்ணுக்குத் தப்பாது.

காய்க்கணக்கில் இன்னொரு எல்லையும் உண்டு. ஸ்கிராபிளை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணித்தான் காய்களின் எண்ணிக்கையை முடிவு செய்தார். மொத்தம் 100 காய். இ 12, டீ 6, எஸ் 4, பீ 2, இசட் ஒன்றே ஒன்று, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக்காய் 2. பிசாஸ் என்ற சொல்லில், பீ-ஐ-இசட்-இசட்-ஏ-இசட்-இசட், நான்கு இசட். ஒரு இசட்டும் இரண்டு வெற்றுக்காயும் சேர்த்தாலும் மூன்றுதான். பட்டியலில் இருந்தும் பலகையில் ஒருநாளும் வைக்க முடியாத சொல் அது.

அறிகுறி: ஐந்தெழுத்துச் சொல் கேட்டால் நான்கெழுத்துச் சொல் வருகிறது

விண்டோஸில் உருவாக்கிய கோப்பு இது. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கும், லினக்ஸும் மேக்கும் ஒன்றை மட்டும் எதிர்பார்க்கும். மிச்சமுள்ள ஒன்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு ஓர் எழுத்தாகக் கணக்காகிவிடும். "இ-யில் முடியும் சொல்" என்று கேட்டால் ஒன்றும் வராததும் இதனால்தான், முடிவில் இ இல்லை, அந்த மாயக்குறி இருக்கிறது. டாஸ்டுயூனிக்ஸ் என்ற சிறு நிரல் ஒரே கட்டளையில் இதைத் துடைத்துவிடும்.

இணையப் பக்கத்திலிருந்து எக்செல்லில் நகலெடுத்து ஒட்டிய பட்டியலில் இதன் தம்பி ஒருவன் வருவான். வாலில் இடைவெளி. ட்ரிம் சார்பு போட்டும் போகவில்லை என்றால் அது சாதாரண இடைவெளி இல்லை, 160 என்ற எண் கொண்ட உடையாத இடைவெளி. ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிடியூட் சார்பில் சார் 160 என்று கொடுத்து நீக்குங்கள். கேட் என்ற சொல்லுக்கு லென் 3 என்று காட்டினால் சுத்தம்.

அறிகுறி: வேர்டிலில் சாம்பல் எழுத்தை விலக்கினேன், பட்டியல் காலி

ஜோஷ் வார்டில் 2021-இல் வெளியிட்டு, மறுவருடம் ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய ஆட்டம் இது. நாம் போடும் சொல்லில் சரியான இடத்தில் நிற்கும் எழுத்து பச்சையாகும், விடையில் இல்லாதது சாம்பலாகும். விடை அபைட், ஏ-பி-ஐ-டி-இ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கீஸ், ஜி-இ-இ-எஸ்-இ என்று போடுகிறீர்கள். கடைசி இ பச்சை, மற்ற இரண்டு இ-யும் சாம்பல். சாம்பலைப் பார்த்து இ-யை "வேண்டாத எழுத்து" பெட்டியில் போட்டுவிட்டால் தேடல் முடிந்தது, இ கட்டாயம் வேண்டும், இ கூடவே கூடாது என்று இரண்டையும் கேட்டுவிட்டீர்கள். சாம்பல் இங்கே சொல்வது "இ இல்லை" என்று அல்ல, "இன்னொரு இ இல்லை" என்று. வேண்டாதவற்றில் ஜியும் எஸ்ஸும் மட்டும் போகவேண்டும். இ ஒன்றே ஒன்று, அதுவும் ஐந்தாம் இடத்தில்.

அறிகுறி: பட்டியலில் இருக்கிறது, ஆட்டம் ஏற்கவில்லை

ஆங்கிலச் சொற்கள் அத்தனைக்கும் ஒரே பட்டியல் என்று ஒன்று கிடையாது. வட அமெரிக்க ஸ்கிராபிள் பட்டியல் ஒன்று, உலகின் மற்ற இடங்களில் கொலின்ஸ் பட்டியல். சீனரின் உயிர்ச்சக்தியைக் குறிக்கும் சீ, எழுத்துப்படி க்யூ-ஐ, யு இல்லாத க்யூ வைத்திருப்பவருக்குப் பெரிய வரம். வட அமெரிக்கப் பட்டியலில் அது நுழைந்தது 2006-இல். அதற்கு முந்தைய பட்டியலில் தேடுபவருக்குக் கிடைக்காது. பிரிட்டிஷ், அமெரிக்கப் பட்டியல்களைச் சேர்த்த கூட்டுப்பட்டியலுக்கு நெடுங்காலம் சௌபாட்ஸ் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரே ஓ-எஸ்-பீ-டி, ஓ-எஸ்-டபிள்யூ என்ற இரண்டு அகராதிச் சுருக்கங்களின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியதுதான். இந்த வேலையைச் செய்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. ஸ்பெல்லிங் பீயில் ஆசிரியர் அரிய சொற்களை விலக்கிவிடுகிறார், அங்கே எந்தப் பொதுப்பட்டியலும் முழுசாகப் பொருந்தாது.

அறிகுறி: எழுத்துக் கணக்கு எல்லாம் சரி, சொல் மட்டும் உதவவில்லை

மேலே சொன்ன அத்தனையும் சரிசெய்து, ஆறு எழுத்துகளை மட்டும் கொண்ட சொற்களை ஒருநாள் எடுத்தேன். சுத்தமான பட்டியல். மூன்று, நான்கு எழுத்துச் சொற்களை வெட்டி, பெரிய எழுத்தில் அச்செடுத்து, பக்கத்து வீட்டுக் குழந்தையை உட்காரவைத்தேன். ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தாள். டின்ட் என்று சரியாக வாசித்தாள். அதற்குக் கீழே பீ-ஐ-என்-டீ. பின்ட் என்றாள். நான் "பைன்ட்" என்று திருத்தினேன். விரலை எடுக்காமலே மேல் வரியைப் பார்த்தாள். "அப்போ இதையும் டைன்ட்னு சொல்லணுமா அத்தை?" என்றாள்.

அவள் வாசித்ததில் தப்பே இல்லை. நான் கற்றுக்கொடுத்த விதிப்படி அது பின்ட்தான். தேடல் எழுத்தைப் பார்க்கும், ஒலியைப் பார்க்காது. அதற்குப் பிறகு பட்டியலைக் கையால் சலிக்காமல் நான் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை.

சலிக்கும்போது என்னென்ன போகிறது என்று சொல்கிறேன். பெயின், பெயின்ட், ஸ்டெயின், செயின்ட் எல்லாம் போகும். ஏ-யும் ஐ-யும் சேர்ந்து ஒரே ஒலியாவது பிற்பாடு வரும் பாடம். பாஸ்ட், பீ-ஏ-எஸ்-டீ, போகும். இந்தியாவில் நாம் அதை நெடிலாகச் சொல்கிறோம், குழந்தை கற்ற ஏ ஒலி குறுகியது. ஐ-எஸ், ஏ-எஸ் இரண்டும் சின்னச் சொற்கள்தான், ஆனால் எஸ்ஸின் ஒலி அவற்றில் மாறிவிடுகிறது. அவற்றைத் தனியே சொல்லிக்கொடுக்கிறேன். பிட்டிசான் என்று எழுத்தில் தெரிவது பார்லி வேகவைத்த தண்ணீர். ஆறு எழுத்தையும் ஒவ்வொரு முறை கொண்ட அருமையான சொல், ஸ்கிராபிள்காரருக்குப் பொக்கிஷம். ஆனால் முதல் பீ ஒலிக்கவே ஒலிக்காது. அசாசின் நான்கே எழுத்துகளால் ஆனது, விதிப்படி வாசிக்கவும் ஏறக்குறைய வரும். பொருள் கொலைகாரன். ஐந்து வயதுப் பிள்ளையின் தாளில் அதற்கு இடமில்லை. ஆன்டிபாஸ்டி இத்தாலியச் சாப்பாட்டு மேசைக்குரியது, ஆறும் இருக்கின்றன, இருக்கட்டும்.

கணினி சலித்ததைக் கையால் சலிக்க எனக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாக ஒலித்து, சேர்த்துச் சொல்லிப்பார்ப்பேன். சேர்த்தபோது வந்த சொல்லும் நாம் பேசும் சொல்லும் ஒன்றானால் மட்டும் அது தாளுக்குப் போகும். டாப், டிப், பான், நாப், சிட், ஸ்னாப், ஸ்பிட், ஆன்ட், டின்ட் என்று நிறையவே மிஞ்சும். அந்தக் குழந்தையின் தாளில் பின்ட் இருந்த வரியில் இப்போது ஸ்பின் இருக்கிறது.